பகல் வெயிலை இரவு வெளிச்சமாக்கலாம்: வீட்டிலேயே செய்துகொள்ளும் சோலார் விளக்கு

இரவில் மடை திருப்பப் போகும் விவசாயிக்கு முதல் தேவை வெளிச்சம். மும்முனை மின்சாரம் இரவில் கிடைக்கும் நாட்களில் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பின் மீது நடந்துதான் ஆகவேண்டும். கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் இரை தேடி வருவதும் பெரும்பாலும் இரவு வேளையில்தான். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் வாழ்ந்தவர்கள்.

அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளியில் வரப்பில் கிடக்கும் பாம்பைக் கயிறு என்று எண்ணி மிதித்துவிட வாய்ப்பு அதிகம். செல்போன் வெளிச்சத்தை நம்பிப் போனால் நடு வயலில் சார்ஜ் தீர்ந்துவிடும். இதற்கு நல்லதொரு வழி, பகலில் வெயிலைக் கொண்டு தானே சார்ஜ் ஏறி, இரவெல்லாம் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்கு. கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. ஆனால் மலிவான கடை விளக்குகளில் பல, ஒன்றிரண்டு ஆண்டுகளில் பாட்டரி போய்விட்டதும் பிரித்துச் சரிசெய்ய முடியாமல் குப்பைக்குப் போகின்றன. வீட்டில் செய்த விளக்கில் எந்தப் பாகம் கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். செலவும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

பட்டணம் கற்ற பாடம்

மின்சாரம் இல்லாத இரவு கிராமத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 2012-ஆம் ஆண்டில் தமிழகத்தில் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது சென்னையில் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் அது பல மடங்கு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டு ஓடியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கி இருளில் கிடந்தன. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்களும் விழுந்ததால் நகரத்தின் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே கதைதான்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் இன்வெர்ட்டரோடு கையில் எடுத்துச் செல்லும் பாட்டரி விளக்கும் அவசியப் பொருளாகிவிட்டது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்பவர்களும், தியாகராய நகர் நடைபாதை வியாபாரிகளும் ஒரு காலத்தில் நம்பியிருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் இடத்தை எல்.இ.டி. பிடித்துக்கொண்டது.

அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமான ஐ.ஐ.டி.யில் இதே தத்துவத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். சோலார் பலகை தருவது நேர்மின்சாரம், அதாவது டி.சி. பாட்டரியில் தங்குவதும் டி.சி. எல்.இ.டி. எரிவதும் டி.சி.யில்தான். நடுவில் ஏ.சி.யாக மாற்றி மறுபடி டி.சி. ஆக்கினால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சக்தி வீணாகும். எனவே இன்வெர்ட்டரே இல்லாமல், 48 வோல்ட் டி.சி.யில் வீட்டின் விளக்கையும் மின்விசிறியையும் இயக்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். இங்கே சொல்லப்படும் சிறு விளக்கும் அதே வழியில், இன்வெர்ட்டர் இல்லாமல் வேலை செய்வதுதான்.

விளக்கின் மூன்று உறுப்புகள்

சோலார் பலகை, பாட்டரி, எல்.இ.டி. ஆகிய மூன்றும்தான் இந்த விளக்கு. பலகை 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான சிலிக்கன் சூரிய மின்கலத்தின் வழிவந்தது. வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி.க்கு ஆதாரமான நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. லிதியம் பாட்டரிக்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகியோர் 2019-இல் ரசாயன நோபல் பரிசு பெற்றனர். அப்போது குட்இனஃப்புக்கு வயது 97.

லிதியம் பாட்டரி ஆராய்ச்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடியில் உருவாகக் காரணமான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. லிதியம் மின்கலங்களை மாதிரியாகச் செய்து பார்க்கும் கூடம் ஒன்றையும் அந்நிலையம் சென்னையில் அமைத்தது.

பழைய ஈய அமிலப் பாட்டரியைவிட லிதியத்தில் என்ன லாபம்? எடை மிகக் குறைவு. அமிலம் ஊற்றவோ தண்ணீர் விடவோ வேண்டியதில்லை. பல மாதம் சும்மா வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காது. ஆனால் ஈயப் பாட்டரி பொறுத்துக்கொள்ளும் தவறுகளை லிதியம் பொறுக்காது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் சூடாகித் தீப்பற்றக்கூடும். எனவேதான் பாதுகாப்பு போர்டு இல்லாமல் லிதியம் மின்கலத்தைத் தொடவே கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

தேவையான சாமான்கள்

1. சோலார் பலகை: 6 வோல்ட், 3 வாட். ஒன்று.

2. லிதியம் அயான் மின்கலம்: 18650 என்ற அளவு, 3.7 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி. ஒன்று. 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதால் இந்தப் பெயர்.

3. மின்கலம் பொருத்தும் ஹோல்டர். ஒன்று.

4. டி.பி. 4056 சார்ஜர் போர்டு, பாதுகாப்புச் சுற்றுடன் சேர்ந்தது. ஒன்று.

5. வெள்ளை எல்.இ.டி.: 1 வாட், நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் பதித்தது. ஒன்று.

6. ரெசிஸ்டர்: 3.3 ஓம், 1 வாட். ஒன்று.

7. சிறிய ஸ்விட்சு, சிவப்பு கறுப்பு இரட்டை ஒயர், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, 2 அங்குலம் அகலமும் 3 அங்குலம் நீளமும் உள்ள அலுமினியத் தகடு, வெப்பம் கடத்தும் பசை.

இவற்றோடு சால்டரிங் அயர்ன், சால்டர் ஈயம், மல்டிமீட்டர் ஆகியவை வேண்டும். இவை இல்லாதவர்கள் ஊரில் ரேடியோ, செல்போன் பழுதுபார்க்கும் கடையில் அரை மணி நேரம் கேட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம்.

ரிச்சி தெருவில் ஏமாறாமல் வாங்க

இந்தச் சாமான்கள் அனைத்தும் ஒரே இடத்தில் கிடைப்பது சென்னை ரிச்சி தெருவில். அண்ணா சாலையிலிருந்து பிரிந்து சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியுள்ள இந்தத் தெருவும் அதன் அருகே உள்ள நரசிங்கபுரம் தெருவும் வாலர்ஸ் சாலையும் எலக்ட்ரானிக் சாமான்களுக்குப் பெயர் பெற்றவை. திருமயிலை, மந்தைவெளி, திருவான்மியூர்ப் பக்கமிருந்து வருவோர் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் போகலாம். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் காய்கறி, பூ விற்கப் பட்டணம் வரும்போது இதையும் சேர்த்து முடித்துக்கொள்வது நல்லது. விலை கடைக்குக் கடை மாறும். இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து வாங்க வேண்டும்.

வாங்கும்போது நான்கு விஷயங்களில் ஜாக்கிரதை தேவை.

முதலாவது, மின்கலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண். 9900 மில்லி ஆம்பியர் மணி என்றெல்லாம் அச்சிட்ட மின்கலங்கள் விற்பனைக்கு வருகின்றன. 18650 அளவில், நல்ல கம்பெனி மின்கலங்களில்கூடத் தாராளமாகக் கிடைப்பது ஏறத்தாழ 3500 வரைதான். அதைவிடப் பல மடங்கு எண் போட்டிருந்தால் அது பொய் என்று அறியலாம். ஐயம் இருந்தால் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். நல்ல மின்கலம் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராமே இருந்தால் உள்ளே சரக்கு இல்லை என்று பொருள்.

இரண்டாவது, பழைய லாப்டாப்பிலிருந்து பிரித்து எடுத்த மின்கலங்கள் மலிவாகக் கிடைக்கும். அனுபவம் இல்லாதவர்கள் இவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கத்தான் வேண்டும் என்றால் மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்ததையும், துருப்பிடித்தது, நசுங்கியது, மேலுறை கிழிந்தது ஆகியவற்றையும் அறவே தள்ளிவிட வேண்டும்.

மூன்றாவது, சார்ஜர் போர்டில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் சார்ஜ் ஏற்றும் பகுதி மட்டும் இருக்கும். இன்னொன்றில் பாதுகாப்புச் சுற்றும் சேர்ந்திருக்கும். இரண்டாவது ரகத்தில் ‘பி பிளஸ், பி மைனஸ்’ என்றும் ‘அவுட் பிளஸ், அவுட் மைனஸ்’ என்றும் தனித்தனியாக நான்கு முனைகள் எழுதியிருக்கும். “டி.பி. ஃபோர் ஜீரோ ஃபைவ் சிக்ஸ், புரொடக்‌ஷனோட குடுங்க அண்ணே” என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். அவுட் முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நான்காவது, பலகையின் வோல்டேஜ். இந்த போர்டு 8 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 6 வோல்ட் பலகை, வெயிலில் சுமை இல்லாதபோது 7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அது சரியே. ஆனால் 12 வோல்ட் பாட்டரிக்கு என்று விற்கும் பலகை 20 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அதை இந்த போர்டில் இணைத்தால் போர்டு உடனே எரிந்துவிடும்.

வரவு செலவுக் கணக்கு

விளக்குக்கும் வீட்டுக் கணக்குப் போல வரவு செலவு உண்டு. பலகை தருவது வரவு. எல்.இ.டி. எரிப்பது செலவு. மின்கலம் சேமிப்புப் பானை.

3 வாட் பலகை 6 வோல்ட்டில் கொடுக்கும் மின்னோட்டம் 0.5 ஆம்பியர். நம் பகுதியில் நல்ல வெயில் நாளில், முழு வெயில் 4½ மணி நேரம் அடித்ததற்குச் சமமான சக்தி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 0.5 ஆம்பியரை 4½ ஆல் பெருக்கினால் 2.25 ஆம்பியர் மணி. தூசி, வெப்பம் இவற்றால் ஆகும் சேதாரம் போக 2 ஆம்பியர் மணி நிச்சயம். 2200 மில்லி ஆம்பியர் மணி என்பது 2.2 ஆம்பியர் மணி. ஆகவே ஒரு நாள் வெயிலில் பானை ஏறக்குறைய நிரம்பிவிடும்.

செலவைப் பார்ப்போம். மின்கலம் முழுதும் நிரம்பியபோது 4.2 வோல்ட் இருக்கும். 1 வாட் எல்.இ.டி. எரிய 3.2 வோல்ட்டை ஒட்டித் தேவை. மீதி 1 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும். 1 வோல்ட்டை 3.3 ஓமால் வகுத்தால் 0.3 ஆம்பியர். தொடக்கத்தில் இவ்வளவு மின்னோட்டம் ஓடும். மின்கலம் 3.7 வோல்ட்டுக்கு இறங்கியதும் ஓட்டம் 0.15 ஆம்பியராகக் குறையும். சராசரி 0.2 என்று கொண்டால் 2 ஆம்பியர் மணியில் 10 மணி நேரம் விளக்கு எரியும். பொழுது சாய்ந்து ஏற்றினால் விடியும் முன்பு வரை போதும்.

ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யை நேரே மின்கலத்தில் இணைத்தால் என்ன என்று சிலர் நினைக்கக்கூடும். முதல் நாள் பளிச்சென்று எரியும். ஓட்டம் அளவு மீறி, சூடேறி, சில நாட்களில் எல்.இ.டி. கருகிவிடும். மடையில்லாத வாய்க்கால் போலத்தான் அது.

வெளிச்சம் எவ்வளவு கிடைக்கும்? தரமான 1 வாட் எல்.இ.டி. முழு ஓட்டத்தில் சுமார் 100 லூமென் ஒளி தரும். பழைய 40 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 400 லூமென். அதாவது அந்தப் பல்பின் கால் பங்கு. பம்ப்செட் அறைக்கும், தொழுவத்துக்கும், வரப்பில் நடப்பதற்கும் இது தாராளம்.

செய்முறை

முதலில் அலுமினியத் தகட்டில் வெப்பம் கடத்தும் பசையைத் தடவி, எல்.இ.டி.யின் நட்சத்திரத் தகட்டை அதன் மீது வைத்து இரண்டு சிறு திருகால் முடுக்க வேண்டும். எல்.இ.டி. கெடுவதற்கு முக்கியக் காரணம் சூடு. தகடு அந்தச் சூட்டை வாங்கி வெளியே விடும். திருகு எதுவும் எல்.இ.டி.யின் பிளஸ், மைனஸ் முனைகளைத் தொடக் கூடாது.

அடுத்து ஒயர் இணைப்பு. பலகையின் சிவப்பு ஒயரை போர்டின் ‘இன் பிளஸ்’ முனையிலும், கறுப்பு ஒயரை ‘இன் மைனஸ்’ முனையிலும் சால்டர் செய்ய வேண்டும். ஹோல்டரின் சிவப்பு ஒயரை ‘பி பிளஸ்’ முனையிலும், கறுப்பை ‘பி மைனஸ்’ முனையிலும் இணைக்க வேண்டும். ‘அவுட் பிளஸ்’ முனையிலிருந்து ஸ்விட்சு, ஸ்விட்சிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து எல்.இ.டி.யின் பிளஸ் முனை என்று வரிசையாகச் செல்ல வேண்டும். எல்.இ.டி.யின் மைனஸ் முனையை ‘அவுட் மைனஸ்’ முனையில் சேர்த்தால் சுற்று முடிந்தது.

சால்டர் வேலை முழுதும் முடிந்து, பிளஸ் மைனஸ் சரிபார்த்த பிறகே மின்கலத்தை ஹோல்டரில் போட வேண்டும். தலைகீழாகப் போட்டால் போர்டு அந்தக் கணமே பழுதாகும். மின்கலத்தின் மீது நேராகச் சால்டரிங் அயர்னை வைத்து ஒயர் பற்றவைப்பது அபாயம். அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் ஹோல்டர் சொல்லப்பட்டது.

மின்கலத்தைப் போட்டு ஸ்விட்சைத் தட்டியும் விளக்கு எரியவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. சில போர்டுகளில் பாதுகாப்புச் சுற்று முதலில் பூட்டிய நிலையில் இருக்கும். பலகையை ஒரு நிமிடம் வெயிலில் காட்டினால் பூட்டு விடுபட்டு விளக்கு எரியும்.

சார்ஜ் ஏறும்போது போர்டில் சிவப்பு விளக்கு எரியும். முழுதும் ஏறியதும் அது அணைந்து நீலமோ பச்சையோ எரியும். 4.2 வோல்ட் வந்ததும் போர்டு தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். இரவில் மின்கலத்திலிருந்து பலகைக்கு மின்சாரம் திரும்பி ஓடாதபடி போர்டிலேயே தடுப்பு உண்டு. தனியாக டயோடு போட வேண்டியதில்லை.

பலகையை எங்கே வைப்பது

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. எனவே பலகையைத் தெற்குப் பார்த்து, 13 பாகை அளவுக்குச் சாய்த்து வைப்பது உத்தமம். பாகைமானி தேவையில்லை. பலகையின் நீளம் ஓர் அடி இருந்தால் அதன் வடக்கு விளிம்பை 2¾ அங்குலம் உயர்த்தினால் போதும். மழை நீரும் தூசியும் வழிந்தோடவும் இந்தச் சாய்வு உதவும்.

காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நிழல் விழாத இடமாக இருக்க வேண்டும். பலகைக்குள் இருக்கும் சிறு மின்கலங்கள் சங்கிலி போல ஒன்றோடொன்று தொடராக இணைந்தவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரே ஒரு கட்டத்தை மறைத்தாலும் முழுப் பலகையின் வரவும் வெகுவாகக் குறைந்துவிடும். காக்கை எச்சமும் அப்படியே. வாரத்துக்கு ஒரு முறை காலை வேளையில் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். உச்சி வெயிலில் காய்ந்திருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது.

பலகை வெயிலில் இருக்கலாம். மின்கலம் வெயிலில் இருக்கக் கூடாது. 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் லிதியம் மின்கலத்தில் சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும். தகரக் கூரையின் அடியிலும், பலகையின் முதுகிலும் சித்திரை மாதத்தில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். எனவே பலகை மட்டும் கூரை மேல் இருக்க, 5 மீட்டர் ஒயர் இழுத்து, டப்பாவை நிழலான, காற்றோட்டமான சுவரில் மாட்டுவதே சரி.

தீ விபத்தைத் தவிர்க்க

வைக்கோல் போர், மாட்டுத் தொழுவத்தின் கீற்றுக் கூரை, டீசல் கேன், உர மூட்டை ஆகியவற்றின் அருகே சார்ஜ் ஏறும் டப்பாவை வைக்கக் கூடாது. செங்கல் சுவரும் சிமென்டுத் தரையும் உள்ள இடமே பாதுகாப்பு. டப்பாவுக்குள் மழை நீரோ எறும்போ புகாதபடி ஒயர் துளைகளை அடைக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தாலோ, தொட முடியாதபடி சுட்டாலோ, இனிப்பு கலந்த மருந்து வாடை வந்தாலோ உடனே பயன்பாட்டை நிறுத்தித் திறந்த வெளியில் மணல் மீது தனியே வைத்துவிட வேண்டும். குழந்தைகளை அண்ட விடக் கூடாது.

தேய்ந்துபோன மின்கலத்தை அடுப்பில் போடுவதும், கிணற்றிலோ வாய்க்காலிலோ எறிவதும், குத்தி உடைத்துப் பார்ப்பதும் கூடாது. இரு முனைகளையும் டேப் ஒட்டி மூடி, எலக்ட்ரானிக் கழிவு வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும். விற்ற பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளர்களின் பொறுப்பு என்று மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன.

இன்னும் கூடுதல் பாதுகாப்பை விரும்புவோர் லிதியம் இரும்பு பாஸ்பேட் என்ற ரகத்தை வாங்கலாம். இது 3.2 வோல்ட். விலை சற்றுக் கூட. எளிதில் தீப்பற்றாது. ஆயுளும் அதிகம். ஆனால் இதற்கு 3.6 வோல்ட்டிலேயே நிறுத்தும் தனி சார்ஜர் போர்டு தேவை. மேலே சொன்ன 4.2 வோல்ட் போர்டில் இந்த மின்கலத்தைப் போடவே கூடாது.

பூச்சிகளுக்கும் இதே விளக்கு

இதே அமைப்பை விளக்குப் பொறியாகவும் பயன்படுத்தலாம். நெல்லில் தண்டு துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் அந்துப்பூச்சிகளும் பச்சைத் தத்துப்பூச்சியும் ஒளியை நாடி வருபவை. மானாவாரி நிலக்கடலையில் முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து கிளம்பும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சியும் அப்படித்தான். அவை முட்டை இடுவதற்கு முன் பிடித்துவிட்டால் பின்னால் மருந்துச் செலவு குறையும்.

பயிருக்குச் சற்று மேலே விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழே அகன்ற தொட்டியில் நீர் ஊற்றிச் சிறிது சோப்புக் கரைசல் கலந்து வைக்க வேண்டும். பூச்சிகளை அதிகம் ஈர்ப்பது நீல ஒளியும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும். வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா இல்லை என்றே சொல்லலாம். எனவே பொறிக்கென்றே செய்பவர்கள் புற ஊதா எல்.இ.டி. வாங்கிப் பொருத்துவது நல்லது. அந்த விளக்கை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கக் கூடாது. பொறியை முன்னிரவில் சில மணி நேரம் மட்டும் எரித்து அணைத்துவிட வேண்டும். இரவெல்லாம் எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணாக மடியும். தினமும் காலையில் தொட்டியில் எந்தப் பூச்சி எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்தால், வயலில் தாக்குதல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் தெரியும்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரவு மிகவும் குறைந்துவிடும். அந்நாட்களில் இரண்டு வழிகள் உண்டு. சார்ஜர் போர்டில் செல்போன் சார்ஜர் மாட்டும் துளை இருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது பலகையின் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் செல்போன் சார்ஜரை மாட்டி நிரப்பிக்கொள்ளலாம். மற்றொரு வழி, 5 வாட் பலகையும் இரண்டு மின்கலங்களும் வைப்பது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் சேமிப்பு இரட்டிப்பாகும். ஆனால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே வயதாக இருக்க வேண்டும். சேர்க்கும் முன் இரண்டையும் தனித்தனியே முழுதும் சார்ஜ் செய்து, வோல்டேஜ் சமமாக இருப்பதை மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று நிரம்பியும் மற்றொன்று காலியாகவும் இருக்கும்போது சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டம் கட்டுக்கடங்காமல் பாயும்.

மின்கலம் காலியாகும் தருவாயில் விளக்கு தானாக மங்கும். அதையே அறிகுறியாகக் கொண்டு அணைத்துவிட்டால் மின்கலம் பல ஆண்டுகள் உழைக்கும். முழுதும் காலியான நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் வீணாகிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் பலகையைக் கழற்றி உள்ளே வைத்து, மின்கலத்தை முழுதும் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு கையில் இருந்தாலும் வரப்பில் நடக்கும்போது காலில் செருப்போ பூட்சோ இருப்பதும், கையில் கம்பு இருப்பதும் அவசியம். விளக்கைத் தலைக்கு மேலே தூக்காமல், முழங்கால் உயரத்தில் முன்னால் பிடித்து, அடி வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்க வேண்டும். தப்பித்தவறிப் பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, மந்திரம் போடுவது ஆகியவற்றில் நேரத்தை வீணாக்காமல், கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முறிமருந்து அங்கேதான் இருக்கிறது.

ஊருக்கு ஓர் இளைஞர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் தெருவுக்குப் பத்து விளக்கு செய்து தரலாம். பழுதானதையும் அவரே சரிசெய்யலாம். பகலெல்லாம் வயலில் காயும் வெயிலுக்கு விலையில்லை. அதில் ஒரு பங்கை டப்பாவில் பிடித்து வைத்து, இரவு வரப்பில் பயமின்றி நடந்து விவசாயிகள் பயன் பெறலாம்.